இலை இடுப்பளவு, கிழங்கு போளையளவு: திருகோணமலையில் வெள்ளை உருளைக்கிழங்கு ஏன் இப்படிச் செய்கிறது?

ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் ஒருவர் பின்வளவில் மண்வாரியைக் குத்தி ஒரு செடியைக் கிளப்புகிறார். கைப்பிடிக்குள் அடங்காத ஐந்தாறு வெள்ளைக் கிழங்குகள் புரண்டு விழுகின்றன. அந்தக் காணொளி குடும்பத்து வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்த மறுவாரமே உப்புவெளியிலோ சாம்பல்தீவிலோ ஓர் உரப்பையில் மண் நிரம்பிவிடுகிறது. முளைவிட்ட கடைக்கிழங்கு உள்ளே போகிறது. செடி நன்றாக வருகிறது, சொல்லப்போனால் கனடாக்காரரின் செடியைவிட உயரமாகவே வருகிறது. மூன்று மாதம் கழித்துப் பையைக் கவிழ்த்தால் பிள்ளைகள் விளையாடும் போளை அளவில் நாலைந்து உருண்டைகள் கிடைக்கின்றன.

மண் சரியில்லை, உரம் போதவில்லை, கை ராசியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மைக் காரணத்தை இரவில்தான் தேட வேண்டும். அதற்கு முன்னால், 'வெள்ளைக் கிழங்கு' என்ற பேச்சிலேயே இருக்கும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

வெள்ளை என்று எதைச் சொல்கிறோம்?

திருகோணமலைச் சந்தையில் இந்தச் சொல் மூன்று பொருளில் புழங்குகிறது.

1. தோல் வெள்ளை. அந்தோசயனின் என்ற நிறப்பொருள் தோலில் இருந்தால் கிழங்கு சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். அது இல்லாத தோல் வெளிறியிருக்கும்.

2. சதை வெள்ளை. உள்ளே கரோட்டினாய்டு கூடினால் சதை மஞ்சள், குறைந்தால் வெள்ளை. தோலின் நிறத்துக்கும் சதையின் நிறத்துக்கும் தொடர்பு கிடையாது. டெசிரே என்ற ஒல்லாந்து இனத்துக்குத் தோல் சிவப்பு, சதை வெளிர்மஞ்சள்.

3. வியாபாரப் பேச்சில் வெள்ளை. 'வெள்ளைக் கிழங்கு தாருங்கள்' என்றால் பல கடைக்காரர்கள் இறக்குமதிக் குவியலைத்தான் காட்டுவார்கள். இந்தியா, பாகிஸ்தான் பக்கமிருந்து வரும், மண் ஒட்டாத, வெளிறிய தோலுள்ள கிழங்கு அது. மண் படிந்த குவியலுக்கு 'நுவரெலியாக் கிழங்கு' என்று பெயர், விலையும் கூட.

மூன்றாவது பொருளில் ஒரு தில்லுமுல்லும் இருக்கிறது. இறக்குமதிக் கிழங்கின் மேல் செம்மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்காக விற்பது நாட்டின் பல இடங்களில் பிடிபட்டுச் செய்தியாகியிருக்கிறது. வீட்டில் கழுவி வெட்டிப் பார்ப்பவருக்கு ஒரு பாதிச் சோதனை உண்டு. மலைநாட்டில் நெடுங்காலமாக அதிகம் பயிராகிவரும் கிரனோலா என்ற ஜெர்மானிய இனத்துக்குச் சதை மஞ்சள். ஆகவே வெட்டிய முகம் பால்போல வெளுத்திருந்தால் அது கிரனோலா இல்லை என்று துணிந்து சொல்லலாம். மஞ்சளாக இருந்தாலோ எதையும் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் இறக்குமதியாகும் கிழங்கிலும் மஞ்சள் சதை உண்டு.

இந்தக் கட்டுரை தோலும் சதையும் இரண்டுமே வெள்ளையான ஓர் இனத்தைப் பற்றியது. கனடா, அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் மிகப் பரவலாக நடப்படும் அந்த இனத்தின் பெயர் கென்னபெக்.

கென்னபெக்: ஆற்றின் பெயர் கொண்ட கிழங்கு

அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1948இல் வெளியிட்ட இனம் இது. வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் ஓடும் கென்னபெக் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். அந்த மாநிலம் உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. குளிரான இரவும் நீளமான கோடைப் பகலும் அதற்குண்டு. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதை உருவாக்கியவர்களின் முதற்கவலை பின்பருவ இலைக்கருகல் நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைத் தொடக்கிவைத்த அதே நோய். பைற்றோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிரி, குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில் ஒரு வயலைச் சில நாட்களில் கருக்கிவிடும். மெக்சிக்கோவில் வளரும் சொலனம் டெமிசம் என்ற காட்டு உறவுச் செடியிடமிருந்து நோயெதிர்ப்பு மரபணுக்களைக் கலப்பின் மூலம் பயிருக்குக் கொண்டுவரும் முயற்சியில் கிடைத்த வெற்றிகளில் ஒன்று கென்னபெக். ஆனால் ஒற்றை மரபணுவை நம்பிய எதிர்ப்பு ஒற்றைப் பூட்டுப் போட்ட கதவுக்குச் சமம். நோயின் புதிய குலங்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டன. பழைய விளம்பரத்தைப் பார்த்து 'கருகல் வராது' என்று இன்றும் எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இனி அதன் உடல்வாகு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வளர்ப்பு முறை முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

1. கிழங்கு பெரியது, நீள்வட்டம், ஓரளவு தட்டை. தோல் மெல்லியது, வழவழப்பானது, வெளிறிய நிறம். மெல்லிய தோல் என்பதால் சீவும்போது வீண்போவது குறைவு. அதே தோல் கிளப்பும்போது மண்வெட்டியின் ஒரு தட்டலுக்கே காயப்பட்டுவிடும்.

2. கண்கள் ஆழமில்லாதவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. சமையல்காரருக்கு இது வரம், விதைக்கிழங்கு வெட்டுகிறவருக்குத் தலைவலி. கண் குறைவான கிழங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நாலாக வெட்டினால் முளைக்கவே முடியாத குருட்டுத் துண்டொன்று நிச்சயம் விழும். துண்டு ஒன்று 50 கிராமுக்குக் குறையாமலும் இரண்டு கண்ணாவது இருக்கும்படியும் பார்த்து வெட்ட வேண்டும்.

3. ஒரு செடியில் கிழங்குகள் சில, ஒவ்வொன்றும் விரைவாகப் பருக்கும். இடம் தாராளமாக விட்டால் பருத்துப் பருத்து நடுவில் வெடித்து உட்குழிவு உண்டாகும். வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது, பாதியாக வெட்டும்போதுதான் நட்சத்திர வடிவில் ஒரு பொந்து தெரியும். ஆகவே இந்த இனத்தை நெருக்கி நட வேண்டும். வரிசையில் செடிக்குச் செடி 20 முதல் 25 சென்றிமீற்றர் போதும்.

4. கிழங்குகள் மண்ணின் மேற்புறத்தை ஒட்டியே உருவாகும். மண் அணைப்பதில் அசட்டையாக இருந்தால் தோள் வெளியே தெரிந்து வெயில் பட்டுப் பச்சையாகும். பச்சை என்றால் என்ன என்று கீழே தனியாகப் பார்ப்போம்.

5. செடி உயரமானது, இலை செறிவானது, பூ வெள்ளை. நட்டதிலிருந்து ஏறக்குறைய 100 முதல் 110 நாள் கேட்கும் நடுப்பின்பருவ இனம்.

சமையலில் இது நடுத்தரம். அவித்தால் முழுவதும் மாவாக உதிர்ந்துவிடாது, மெழுகுபோல இறுகியும் நிற்காது. பால்கறிக்கும் பொரியலுக்கும் ரோல்ஸ் உள்ளடக்கத்துக்கும் ஒன்றாகவே பொருந்தும். ஸ்பெயினின் கலீசியாப் பகுதி தன் உருளைக்கிழங்குக்குப் புவிசார் பாதுகாப்புப் பெற்றபோது அதற்கு அடிப்படையாக இருந்ததும் அமெரிக்காவில் பிறந்த இந்த இனமே. ஊர்ப்பெருமைகள் எங்கிருந்தெல்லாம் வந்து சேர்கின்றன பாருங்கள்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

உருளைக்கிழங்கை வேர் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது தண்டு. செடியின் அடித்தண்டிலிருந்து வெள்ளை நிறத்தில் நிலக்கீழ்க் கொடிகள் கிடையாக ஓடும். சரியான சமயத்தில் கொடியின் நுனி நீள்வதை நிறுத்திவிட்டு வீங்கத் தொடங்கும். அந்த வீக்கமே கிழங்கு. கண்கள் என்பவை தண்டின் கணுக்கள்.

'சரியான சமயம்' எது என்று முடிவுசெய்வது இலை. பகலின் நீளத்தையும் வெப்பத்தையும் இலை அளந்து எஸ்பி6ஏ என்ற புரதத்தைச் சமிக்ஞையாகக் கீழே அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் கொடியின் நுனி வீங்கும். வெப்பம் கூடினால் இந்தச் சமிக்ஞை மங்கிவிடுகிறது. 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான இரவில் கிழங்கு நன்றாகக் கட்டும். 20ஐத் தாண்டத் தாண்டப் பின்வாங்கும். மண்ணின் வெப்பம் 29, 30 பாகையை எட்டினால் கிழங்கின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோகும்.

சமிக்ஞை கிடைத்த பிறகும் இரவு தன் வேலையைக் காட்டும். பகலில் இலை சம்பாதித்த சர்க்கரையில் ஒரு பகுதி செடியின் சுவாசத்துக்குச் செலவாகிறது, மிச்சம் கிழங்குக்கு அனுப்பப்படுகிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு சுவாசம், அவ்வளவு செலவு. வெளிநாட்டில் உழைப்பவருக்கு அங்கேயே வாடகையும் சாப்பாடும் சம்பளத்தை விழுங்கிவிட்டால் ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? போளையளவுக் கிழங்கு என்பது அந்த மாதிரி வந்த உண்டியல் பணம்.

ஒரு விஷயம் நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. குறுகிய பகல் கிழங்கு கட்டுவதைத் தூண்டும். அந்தீஸ் மலைநாட்டில் பிறந்த பயிரின் பழைய குணம் அது. மெய்ன் மாநிலத்தின் 15 மணி நேரக் கோடைப் பகலோடு பார்க்கும்போது திருகோணமலையின் மார்கழிப் பகல் 12 மணிக்கும் குறைவு. ஆகவே இங்கே செடிக்குள் இரண்டு மணிக்கூடுகள் எதிரெதிராக ஓடுகின்றன. பகலின் நீளம் 'இப்போதே கட்டு' என்கிறது, இரவின் சூடு 'பொறு' என்கிறது. வெப்பம் மட்டும் இருந்திருந்தால் போளையும் கிடைத்திருக்காது.

திருகோணமலையின் இரவுக் கணக்கு

மூன்று இடங்களை ஒப்பிட்டால் விஷயம் பிடிபடும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் இரவு கிழங்குக்கு ஏற்றது. அதன் தொல்லை வேறு: மழை, மூடுபனி, கருகல்.

யாழ்ப்பாணம் சமதரை, வெப்பமான ஊர். ஆனாலும் உரும்பிராய், குப்பிழான் பக்கச் செம்மண்ணில் கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிளப்புகிறார்கள். வாடைக் காற்று வீசும் அந்தச் சில வாரங்களின் இரவு 22, 23 பாகைக்கு இறங்குவதைப் பிடித்துச் செய்யும் பயிர் அது. நீர் நிற்காத மண், கிணற்று நீர், வெங்காயத்தோடு மாறி மாறி நட்டுப் பழகிய கை, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒற்றைப் போகம் சாத்தியமாகிறது.

திருகோணமலையில் தை மாதத்து இரவுகூட 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. மூன்று பக்கமும் கடல், குடாவின் நீர் இரவிலும் சூட்டை விடுவதில்லை. யாழ்ப்பாணத்தோடு ஒரு பாகை, இரண்டு பாகை வித்தியாசம்தானே என்று கேட்கலாம். எல்லைக்கோட்டில் நிற்கும் பயிருக்கு அந்த இரண்டு பாகைதான் கிழங்குக்கும் போளைக்கும் இடையிலான தூரம்.

இதோடு மழையும் சேர்கிறது. வடகீழ்ப் பருவமழை இங்கே நவம்பர், டிசம்பர் இரண்டிலும் சராசரியாக மாதம் 300 மில்லிமீற்றரைத் தாண்டிக் கொட்டுகிறது. அந்த ஈரத்தில் விதைக்கிழங்கு முளைப்பதற்கு முன் அழுகும். ஆகவே யாழ்ப்பாணத்தைப் போலக் கார்த்திகையில் நட முடியாது. கனமழை தணியும் டிசம்பர் கடைசியைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கென்னபெக்கின் 100 முதல் 110 நாளை இந்த நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்.

1. டிசம்பர் 20இல் நட்டால் தை முதல் வாரத்துக்குள் முளை வெளியே தெரியும்.

2. கிழங்கு கட்டத் தொடங்குவது தை கடைசி அல்லது மாசித் தொடக்கம். இதுவரை பரவாயில்லை, ஆண்டின் குளிரான நாட்கள் இவைதான்.

3. கிழங்கு பருக்க வேண்டிய பெரும்பகுதி பங்குனியில் விழுகிறது. நூறாவது நாள் மார்ச் 30, நூற்றுப்பத்தாவது நாள் ஏப்ரல் 9.

4. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் திருகோணமலையின் உச்சிக்கு நேரே நிற்கும். நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. கென்னபெக் தன் கிழங்கைப் பருக்கவைக்க எதிர்பார்த்திருக்கும் கடைசி வாரங்கள் இவைதான்.

சிறுபோகத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வரண்டு வீசும்போது மரத்தில் இருக்கும் இலையே சுருங்கிப்போகிறது.

என் முடிவு இது: கென்னபெக் நல்ல இனம், திருகோணமலைக்குப் பொருந்தாத இனம். ஏக்கர் கணக்கில் நடுவதற்கு அதன் விதையை யாராவது சிபாரிசு செய்தால், கடைசி மூன்று வாரத்து இரவுகளுக்கு அவர் என்ன வழி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

அப்படியும் நட்டுப்பார்க்க விரும்பினால்

வீட்டுத் தேவைக்கு, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு, ஆசைக்கு நடுவதை யாரும் தடுக்க முடியாது. அப்போது இடத்தைக் குளிர்விப்பதே முழு வேலை.

1. கறுப்புப் பையை விடுங்கள். பிற்பகல் வெயில் பட்ட கறுப்புப் பையின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டுக்குள்தான் கொடியின் நுனி வீங்க வேண்டியிருக்கிறது. வெள்ளை உரப்பை நல்லது, நிலம் அதைவிட நல்லது.

2. வைக்கோல். வேளாண்மை என்றாலே நெல்லைத்தான் குறிக்கும் மாவட்டம் இது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வைக்கோலுக்குக் குறையில்லை. ஒரு சாண் கனத்துக்கு மூடினால் மண்ணின் சூடும் இறங்கும், ஈரமும் நிற்கும், கிழங்கின் தோளில் வெளிச்சமும் படாது. செலவில்லாத இந்த ஒன்றைத்தான் காணொளி பார்த்து நடுபவர்கள் செய்வதில்லை.

3. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம். மதிலின் கிழக்குப் பக்கம், அல்லது முருங்கையின் ஐதான நிழல்.

4. யூரியாவில் கைக் கட்டுப்பாடு. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலைபோடுவதிலேயே காலத்தைக் கழித்துக் கிழங்கு கட்டுவதைத் தள்ளிப்போடும். 'இடுப்பளவு இலை' என்ற பெருமைக்குப் பின்னால் பாதி வேளை யூரியாதான் இருக்கும். நட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு அதைத் தொடாதீர்கள்.

5. அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டும் பழக்கம் இந்தப் பயிருக்கு ஒத்துவராது. இது அமிலத்தன்மை சற்றுள்ள மண்ணை விரும்பும். சாம்பல் அதைக் காரமாக்கினால் தோலில் சொறிநோய் பற்றும், கென்னபெக் அதற்கு இலகுவில் ஆட்படும்.

6. கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்றரை சின்ன வெங்காயத்துக்குப் பழகியது, உருளைக்கிழங்குக்கும் காற்றோட்டமான மண்தான். ஆனால் கடலோரக் கிணறுகள் கோடை நெருங்க உவர்க்கும். மண்கரைசலின் உப்பு மீற்றருக்கு 1.7 டெசிசீமன்ஸை (மின்கடத்தும் திறனைக் கொண்டு உப்பை அளக்கும் அலகு) தாண்டினால் உருளைக்கிழங்கின் விளைச்சல் குறையத் தொடங்கும்.

7. 90 நாளில் கிளப்பிவிடுங்கள். பத்து நாள் முன்பே இலையை அடியோடு வெட்டிவிட்டால் தோல் இறுகும். அதற்குமேல் காத்திருந்தால் சூட்டில் கிழங்கே முளைவிடும், அல்லது ஒரு கிழங்கின் நுனியில் இன்னொன்று சங்கிலிபோலத் தொடங்கி இரண்டும் உதவாமல் போகும்.

ஒரு கிளாஸ் தண்ணீர்ச் சோதனை

இலைக்கருகலைப் பற்றி மலைநாட்டார் கவலைப்படட்டும். சமதரையில் பயப்பட வேண்டியது பற்றீரியா வாடல் நோய்க்கு. ரால்ஸ்டோனியா சொலனாசியாரம் என்ற பற்றீரியா சூடான ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய், கச்சான் என்று நம் தோட்டங்களில் இருப்பவையெல்லாம் அதற்குச் சாப்பாடு. (கச்சான் என்று இங்கே சொல்வது நிலக்கடலையை, மேலே சொன்னது காற்றை. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.)

காலையில் நிமிர்ந்து நின்ற செடி மதியம் தலைசாயும், இரவில் தேறும், மறுநாள் மதியம் மறுபடி சாயும். இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அந்த நீரோடு நோய் அடுத்த செடிக்குப் போகும்.

சந்தேகம் வந்தால் அடித்தண்டில் விரல் நீளத் துண்டொன்றை வெட்டுங்கள். கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துண்டின் வெட்டுமுகம் மட்டும் நீருக்குள் இருக்கும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற மெல்லிய நூல் கீழ்நோக்கி இறங்கினால் அது பற்றீரியாக் கூட்டம். அந்தச் செடியை மண்ணோடு அகற்றி எரிப்பதைத் தவிர மருந்தில்லை. அந்த இடத்தில் அடுத்த சில போகங்களுக்குக் கத்தரிக் குடும்பத்துப் பயிர் வேண்டாம், சோளமோ வெங்காயமோ போடலாம்.

பச்சையான தோள்

வெளிச்சம் பட்ட கிழங்கில் இரண்டு காரியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. ஒன்று பச்சையம் உருவாவது, இதனால் கெடுதி இல்லை. மற்றது சொலனின், சாக்கோனின் என்ற கசப்பு நச்சுப்பொருட்கள் கூடுவது. இரண்டும் வெவ்வேறு வேலைகள், தூண்டுவது ஒரே வெளிச்சம். பச்சையை நாம் அடையாளமாகத்தான் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் வெள்ளைத் தோல் ஒரு நன்மை செய்கிறது. மெல்லிய வெள்ளைத் தோலில் இலேசான பச்சையும் உடனே கண்ணில் படும். சிவப்புத் தோல் அதை மறைத்துவிடும். 'வெள்ளைக் கிழங்குதான் சீக்கிரம் கெடுகிறது' என்ற பேச்சுக்கு ஒரு பாதிக் காரணம் அதன் ஒளிவுமறைவில்லாத தோல்.

ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது இந்த நச்சுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல் எல்லை. வெளிச்சமே படாமல் இந்த எல்லையைத் தாண்டிய வெள்ளை இனமும் ஒன்று உண்டு. லெனாப்பே என்ற அந்த இனம் 1967இல் அமெரிக்காவில் சிப்ஸ் செய்வதற்கென்றே வெளிவந்தது. பொரித்தால் பொன்னிறம், அருமையான மாப்பிடிப்பு. சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் புரட்டியது. 1970இல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதன் நல்ல குணங்களைக் கைவிட மனமில்லாமல் நச்சுக் குறைவான இனத்தோடு கலந்தார்கள். இன்று சிப்ஸுக்குப் பேர்போன அற்லாண்டிக் என்ற வெள்ளை இனம் லெனாப்பேயின் பிள்ளை.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவித்தாலோ பொரித்தாலோ இந்த நச்சு அழியாது, ஆகவே 'நன்றாக அவித்தால் போகும்' என்று நம்ப வேண்டாம். நச்சில் பெரும்பகுதி தோலிலும் அதை ஒட்டியும் முளையைச் சுற்றியும் இருப்பதால் சிறு பச்சைத் திட்டென்றால் கனமாகச் சீவலாம், பாதிக்கிழங்கு பச்சையென்றால் எறியுங்கள். கடைவாசலில் வெயில் படும் தட்டில் நாள்முழுவதும் கிடந்த கிழங்கை வாங்காதீர்கள், உள்ளே சாக்கில் இருப்பதைக் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிப் பொரிக்கும்போது கறுக்கும். இருட்டான, காற்றோட்டமான மூலையில் சணற்சாக்கில் வைத்து, நமது வெக்கைக்குக் கிழமைக்கொரு தரம் முளை பார்த்தால் போதும்.

வேறு வெள்ளை இனங்களும் விதையும்

வெப்பத்தோடு ஒத்துப்போகும் வெள்ளைக் கிழங்கைத் தேடுகிறவர்கள் கனடாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அயலைப் பார்ப்பது நல்லது. இந்தியாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968இல் வெளியிட்ட குஃப்ரி ஜோதிக்குத் தோலும் வெள்ளை, சதையும் வெள்ளை. மலைக்கும் சமவெளிக்கும் பரவிய இனம், என்றாலும் சூட்டுக்கென்று உருவானது இல்லை. அதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட குஃப்ரி சூர்யா அதற்கென்றே உருவானது. 20 பாகைக்கு மேற்பட்ட இரவிலும் கிழங்கு கட்டும். தோல் வெள்ளை, சதை மட்டும் வெளிர்மஞ்சள். அதன் பெற்றோரில் ஒன்று, லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம் வெப்பமண்டலச் சமதரைக்கென்று தெரிவுசெய்த எல்ரி-1.

அடுத்தது விதை. கடைக்கிழங்கை நடுவதில் இரண்டு சிக்கல். அது எந்த இனம் என்றே தெரியாது, அதோடு வைரசும் வாடல் பற்றீரியாவும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரலாம். புதிதாகக் கிளப்பிய கிழங்கு என்றால் உறக்கநிலை முடிய இரண்டு மாதம் வரை ஆகும், மண்ணில் போட்டால் முளைக்காமல் அழுகும். நல்ல விதைக்கிழங்கு கிடைத்தால் மங்கிய வெளிச்சம் படும் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிவையுங்கள். இருட்டில் வந்தால் முளை வெளுத்து நீண்டு கைபட்டதும் முறியும். மங்கிய வெளிச்சத்தில் வந்தால் குட்டையாக, பச்சையாக, விரல்நுனிபோல உறுதியாக நிற்கும்.

விதையைத் தேடி விவசாயத் திணைக்களத்தின் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். நாட்டின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நடப்பது நுவரெலியாவின் சீதா எலியவில். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவரிடம் 'நாலு கென்னபெக் கிழங்கு கொண்டுவாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடுபொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்காவில் பிடிபட்டால் பெட்டியிலிருந்து வெளியே போகும், பிடிபடாமல் வந்தாலோ அதோடு ஒட்டிவரும் ஒரு சிட்டிகை மண் நம் கத்தரித் தோட்டத்துக்குள் போகும்.